பன்னிரண்டு கால் பந்தல்

ஒரு குழுவினர் தங்களுக்குள் எந்த அளவுக்கு ஒத்துழைக்கின்றனர் என்பது அவர்களுடைய நற்குணத்தை மட்டும் பொறுத்ததன்று. அவர்களுக்கு எதிரே மற்றொரு குழு நிற்கிறதா, அதனோடு எதற்காகப் போட்டி நடக்கிறது, வெற்றியின் பயன் யார் கைக்குப் போய்ச் சேருகிறது என்பவற்றையும் அது பொறுத்திருக்கிறது. உளவியலாரும் பொருளியலாரும் இந்தக் கேள்வியை ஏறத்தாழ எழுபது ஆண்டுகளாக ஆய்வுக்கூடங்களில் சோதித்து வருகின்றனர். தமிழ் மண்ணிலோ அது பல நூற்றாண்டுகள் தெருவிலும் கோயில் வாசலிலும் திருமணப் பந்தலிலும் நடந்தேறியிருக்கிறது. வலங்கை, இடங்கை என்று சாதிகள் இரு பெரும் அணிகளாகப் பிரிந்து நின்ற அந்த நெடிய வரலாற்றையும், அதன் நிழல் படிந்த புதுச்சேரி நகரத்தையும் இன்றைய ஆய்வு முடிவுகளுக்கு அருகில் வைத்துப் பார்க்கும்போது, எதிரணி ஒன்று இருப்பதால் கிடைக்கும் ஒற்றுமை எவ்வளவு வலிமையானது என்பதும், அந்த ஒற்றுமைக்கான விலையை யார் கொடுக்கின்றனர் என்பதும் ஒருங்கே தெரியவருகின்றன.

ஒத்துழைப்பின் கணக்கு

ஒத்துழைப்பு ஏன் எளிதில் வாய்ப்பதில்லை என்பதைத் தெருத் திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் எவரும் அறிவர். விழா நடந்துவிட்டால் வாணவேடிக்கை எல்லாருக்கும் தெரியும். வரி கொடுக்காதவரின் கண்ணைக் கட்டிவிட முடியாது. இப்படி ஒருவர் உழைப்பிலோ பணத்திலோ உருவாகி அனைவருக்கும் பயன்படுவதைப் பொதுப்பொருள் என்றும், பங்கு கொடுக்காமல் பயனை மட்டும் எடுத்துக்கொள்வதை ஓசிப் பயன் என்றும் சொல்லலாம்.

பொருளியலார் இந்தச் சிக்கலை ஒரு விளையாட்டாகச் சுருக்கியுள்ளனர். நான்கு பேருக்கு ஆளுக்கு 100 ரூபாய் கொடுக்கப்படுகிறது. ஒவ்வொருவரும் விரும்பிய தொகையைப் பொது உண்டியலில் போடலாம். உண்டியலில் சேர்ந்த தொகை 1.6 மடங்காக்கப்பட்டு நால்வருக்கும் சமமாகப் பகிரப்படும். நால்வரும் முழுத் தொகையையும் போட்டால் 400 ரூபாய் 640 ஆகி, ஆளுக்கு 160 கிடைக்கும். ஒருவர் மட்டும் போடாமல் இருந்தால் 300 ரூபாய் 480 ஆகி, பங்கு 120 ஆகக் குறையும். ஆனால் போடாதவர் கையில் தம்முடைய 100 ரூபாயும் சேர்ந்து 220 இருக்கும். ஏமாற்றியவருக்கு 60 ரூபாய் மிச்சம், ஒழுங்காகப் போட்ட மூவருக்கும் ஆளுக்கு 40 ரூபாய் நட்டம். இந்த விளையாட்டைச் சுற்றுச் சுற்றாகத் திரும்ப ஆடவிட்டால், முதலில் தாராளமாகப் போட்டவர்களும் பிறரைப் பார்த்துக் கையை இழுத்துக்கொள்ள, உண்டியல் மெல்ல மெல்ல வற்றிப்போவதைப் பல நாடுகளில் ஆய்வாளர்கள் கண்டுள்ளனர்.

இப்போது எதிரே இன்னொரு நால்வர் குழுவை உட்கார வைத்து, எந்த உண்டியலில் அதிகம் சேர்கிறதோ அந்தக் குழுவினருக்கு, தோற்ற குழுவினரிடமிருந்து ஆளுக்கு 100 ரூபாய் பிடுங்கித் தரப்படும் என்று ஒரு விதி சேர்த்தால் கணக்கு தலைகீழாகிறது. கையை இழுத்துக்கொண்டதால் மிஞ்சும் 60 ரூபாய்க்காக, வென்றால் வரும் 100 ரூபாயை இழந்து, தோற்றதற்காக இன்னொரு 100 ரூபாயையும் கொடுக்க நேரிடலாம் என்னும்போது தன்னலமே ஒருவரை உண்டியல் பக்கம் தள்ளிவிடுகிறது. பின்லாந்தின் யுவாஸ்கைலா பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மிக்கேல் பூர்த்தினென், தாப்பியோ மாப்பஸ் ஆகிய இருவரும் 2009 இல் வெளியிட்ட ஆய்வு, குழுக்களுக்கிடையே போட்டி புகுந்ததும் குழுவுக்குள் பங்களிப்பு உயர்ந்ததைக் காட்டியதோடு, பங்கு கொடுக்காதவர் மீது எழும் சினமும், தாம் கொடுக்காதபோது எழும் குற்றவுணர்வும் கூடுவதைச் சுட்டியது. போட்டி பணக் கணக்கை மாற்றுவதோடு நிற்காமல் மனசாட்சியையும் காவலுக்கு நிறுத்துகிறது என்பது இதன் பொருள். ஒருவருக்கொருவர் உதவிக்கொள்ளும் உறுப்பினர்களைக் கொண்ட இனக்குழு பிற இனக்குழுக்களை வெல்லும் என்று 1871 இல் சார்லஸ் டார்வின் எழுதியதும் இந்தத் திசையில்தான்.

ஊட்டத்தூர் உடன்படிக்கை

சோழர் கல்வெட்டுகளில் வலங்கை என்ற சொல் தொடக்கத்தில் படைப்பிரிவுகளின் பெயரோடு வருகிறது; காலப்போக்கில் வலங்கை, இடங்கை என்பவை சாதிக் கூட்டணிகளின் பெயர்களாயின. ஒவ்வோர் அணியிலும் 98 சாதிகள் என்பது மரபான எண்ணிக்கை. எந்தச் சாதி எந்த அணி என்பது ஊருக்கு ஊர் மாறினாலும், நிலத்தோடும் வேளாண்மையோடும் பிணைந்த சாதிகளும் பறையரும் பெரும்பாலும் வலங்கையிலும், பொற்கொல்லர், தச்சர், கொல்லர் முதலிய கம்மாளரும் சில வணிக, நெசவுச் சாதிகளும் இடங்கையிலும் இடம்பெற்றனர். பிராமணர் பொதுவாக இரண்டுக்கும் வெளியே நின்றனர். தங்களுக்குள் உண்ணவோ மணவுறவு கொள்ளவோ செய்யாத சாதிகள், உயர்வு தாழ்வு நூலிழை பிசகாமல் கடைப்பிடித்த சாதிகள், ஒரே கொடியின் கீழ் எப்படி நின்றன என்பதுதான் இங்கே எழும் கேள்வி.

அதற்கான விடையின் பெரும்பகுதி திருச்சிராப்பள்ளிப் பகுதியிலுள்ள ஊட்டத்தூர்க் கல்வெட்டில் இருக்கிறது. மூன்றாம் குலோத்துங்கன் ஆட்சியின் இறுதியில், 1218 இல் பொறிக்கப்பட்ட அது, இடங்கைச் சாதிகள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்படிக்கையைச் சொல்கிறது. காசிப முனிவரின் வேள்வியைக் காப்பதற்காக அக்கினி குண்டத்திலிருந்து தோன்றியவர்கள் தாங்கள் என்று ஒரு பொதுப் பிறப்புக் கதையை அவர்கள் அதில் உரிமை கொண்டாடுகின்றனர். இனி ஒரு தாய் மக்கள்போல் நடப்பதென்றும், தங்களில் ஒருவருக்கு நேரும் நன்மை தீமை அனைவருக்கும் உரியதென்றும் உறுதி ஏற்கின்றனர். கொம்பு, சங்கு, குடை, கொக்கின் இறகு, தொங்கவிட்ட கூந்தல் எனத் தங்களை அடையாளம் காட்டும் சின்னங்களை வகுக்கின்றனர். இவற்றை மீறுவோர் தம் இனத்துக்குப் பகைவராகக் கருதப்படுவர் என்றும் அறிவிக்கின்றனர். பொதுப் பிறப்புக் கதை, இடர்ப்பங்கீடு, எளிதில் கண்டறியும் அடையாளம், விலகுவோருக்குத் தண்டனை ஆகிய நான்கும் ஒரு குழுவின் உள் ஒத்துழைப்பைத் தாங்கி நிற்பவையாக இன்றைய ஆய்வாளர்கள் எடுத்துரைப்பவையே. உண்டியலில் பங்கு போடாதவரைப் பகைவர் என்று பெயர் சொல்லி ஒதுக்கும் ஏற்பாட்டை ஊட்டத்தூரில் கூடியவர்கள் கல்லிலேயே வெட்டி வைத்துவிட்டனர்.

ஒரு கால் கூடுதல்

ஐரோப்பிய வணிகக் குழுமங்கள் சோழமண்டலக் கடற்கரையில் காலூன்றியபோது இந்தப் போட்டி நகரத்துக்குக் குடிபெயர்ந்தது. புதுச்சேரியை 1693 முதல் 1699 வரை கையில் வைத்திருந்த டச்சுக்காரர்கள் நேர்நேரான தெருக்களைக் கொண்ட நகர வரைபடத்தை வகுத்தனர். பின்னர் பிரெஞ்சுக்காரர்கள் அந்த ஒழுங்கின் மேலேயே நகரத்தை வளர்த்தனர். நெசவாளர், வணிகர், கைவினைஞர் எனத் தொழிலும் சாதியும் பார்த்துத் தெருக்கள் பிரிந்தன. செட்டித் தெரு, கோமுட்டித் தெரு, வைசியாள் வீதி போன்ற பெயர்கள் அந்தப் பழைய ஒழுங்கின் எச்சங்கள். ஒரு தெரு ஒரு சாதியின் இருப்பிடமாகும்போது, அந்தத் தெரு வழியே யாருடைய ஊர்வலம் போகிறது என்பது வெறும் போக்குவரத்துப் பிரச்சினையாக இருப்பதில்லை.

அக்காலத்தில் மரியாதை என்பது கண்ணால் எண்ணிப் பார்க்கக்கூடிய பொருளாக இருந்தது. புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சின் தலைமைத் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராகவும் முகவராகவும்) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை 1736 முதல் 1761 வரை எழுதிய நாட்குறிப்பில், யார் பல்லக்கில் வந்தார், யாருக்கு முன்னால் மேளம் முழங்கியது, யாருக்கு எந்த வரிசை கிடைத்தது என்பவை போர்ச் செய்திகளுக்கு நிகரான கவனத்தோடு இடம்பெறுகின்றன. வலங்கையினர் தங்களுக்கே உரியவை என்று வாதிட்ட உரிமைகளும் இத்தகையவையே. ஊர்வலத்தில் குதிரை ஏறுவது, குறிப்பிட்ட சின்னம் பொறித்த கொடி பிடிப்பது, திருமணப் பந்தலைப் பன்னிரண்டு கால்களில் நிறுத்துவது ஆகியவை அவர்களுடைய பட்டியலில் இருந்தன. இடங்கையினர் பந்தலுக்குப் பதினோரு கால்களுக்கு மேல் நடக்கூடாது.

பன்னிரண்டாவது காலால் பந்தலுக்கு வலிமை கூடியிருக்காது, மணமக்களுக்கு நிழலும் கூடியிருக்காது. எதிரணிக்குப் பதினொன்று என்பதே அந்தப் பன்னிரண்டாவது காலின் முழு மதிப்பு. பிரிஸ்டலில் பள்ளி மாணவர்களைக் கொண்டு உளவியலாளர் ஹென்றி தாஜ்ஃபெல் நடத்தி 1970 இல் வெளியிட்ட சோதனைகள் இதே மனப்போக்கை வேறொரு வடிவில் காட்டின. திரையில் தோன்றிய புள்ளிகளின் எண்ணிக்கையைக் கூட்டிச் சொன்னவர்கள், குறைத்துச் சொன்னவர்கள் என்பது போன்ற பொருளற்ற காரணங்களைச் சொல்லிப் பிரிக்கப்பட்ட சிறுவர்கள்கூட, பணத்தைப் பகிரும்போது தம் குழுவுக்குக் கிடைக்கும் மொத்தத் தொகை குறைந்தாலும் சரி, எதிர்க்குழுவைவிடக் கூடுதலாகக் கிடைக்க வேண்டும் என்பதையே நாடினர். போட்டி முற்றும்போது குழு தன் நலத்தை மறந்து இடைவெளியை மட்டும் அளக்கத் தொடங்கிவிடுகிறது.

இந்த இடைவெளிக்காக மக்கள் திரண்ட வேகம் வியப்பூட்டுவது. ஒரு திருமண ஊர்வலம் எந்தத் தெரு வழியே போகலாம் என்பதில் 1707 இல் சென்னையில் எழுந்த தகராறு ஆளுநர் தாமஸ் பிட்டைப் பல மாதங்கள் திணறடித்தது. வலங்கையினர் திரளாக நகரை விட்டுச் சாந்தோமுக்குப் போய்விட்டனர். கடையடைப்பும் ஊரை விட்டு வெளியேறுவதும் அக்காலத் துறைமுக நகரங்களில் வலிமையான ஆயுதங்கள். ஏனெனில் நெசவாளரும் வணிகரும் வண்ணாரும் கூலியாட்களும் ஒரே நாளில் கிளம்பிவிட்டால் கப்பலில் ஏற்றத் துணி இருக்காது, கோட்டைக்குள் அடுப்பு எரியாது. ஆனால் வெளியேறும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் அன்றன்றைக்குக் கூலி நட்டம். பின்தங்கியவர் கடையைத் திறந்து இரட்டை ஆதாயம் பார்க்கலாம். உண்டியல் விளையாட்டின் ஓசிப் பயனுக்கு இதைவிட நல்ல வாய்ப்பு இருக்க முடியாது. அப்படியிருந்தும் கூட்டம் சிதறாமல் நின்றதற்குக் காரணம், எதிரணியிடம் தோற்பதன் அவமானமும் தன் அணியிலிருந்து தள்ளி வைக்கப்படுவதன் அச்சமும் ஒரு நாள் கூலியைவிடப் பெரியவையாக இருந்ததுதான்.

உள்ளே போகும் செலவு

எதிரணி தந்த ஒற்றுமை அணிக்குள் சமத்துவத்தைக் கொண்டுவரவில்லை. வலங்கையின் தகராறுகளில் முன்வரிசையில் நின்று அடி கொடுத்தவர்களும் வாங்கியவர்களும் பெரும்பாலும் பறையர்களே. கலகம் முடிந்ததும் அவர்கள் சேரிக்குத் திரும்பினர், தாங்கள் காத்த பந்தலுக்குள் விருந்தினராக நுழையும் உரிமை அவர்களுக்குக் கிடைக்கவில்லை. புதுச்சேரி வழியாக 1792 இல் தமிழகம் வந்த பிரெஞ்சுப் பாதிரியார் துபுவா, பறையருக்கும் இடங்கையைச் சேர்ந்த சக்கிலியருக்கும் இடையே தாம் கண்ட ஒரு கடும் மோதலைப் பதிவு செய்துள்ளார். ஒரு விழாவில் சக்கிலியர் ஒருவர் தலைப்பாகையில் சிவப்பு மலர் செருகி வந்தார் என்பதும், அம்மலர் சூடும் உரிமை வலங்கைக்கே உரியது என்று பறையர் சொன்னதும் அந்த மோதலின் காரணம். சமூகத்தின் கீழ்ப்படியில் ஒரே விதமான இழிவைச் சுமந்த இரு சாதியினர், மேல்படியில் இருந்தோர் வகுத்த அணிகளுக்காக ஒருவரையொருவர் அடித்துக்கொண்டனர்.

வீட்டுக்குள்ளும் இந்தக் கோடு நுழைந்தது. சில பகுதிகளில் சக்கிலியர் ஆண்கள் இடங்கையையும் அவர்களுடைய மனைவியர் வலங்கையையும் சேர்ந்தவர்களாகக் கருதப்பட்டதால், தகராறு நீடிக்கும் நாட்களில் மனைவியர் கணவரை விட்டு விலகியிருந்தனர் என்று 19 ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய அலுவலர்கள் குறித்துள்ளனர்.

சாமுவேல் பவுல்ஸ், சோய் ஜுங்-கியூ ஆகிய பொருளியலார் 2007 இல் வெளியிட்ட கணிதக் கோட்பாட்டு ஆய்வு, அணிக்குள் ஒற்றுமையும் அணிக்கு வெளியே பகையும் இப்படி இணைந்திருப்பது தற்செயலானதன்று என்று காட்டுகிறது. தன் குழுவினருக்காகத் தன் நலத்தை விட்டுக்கொடுக்கும் ஈகையும், பிற குழுவினர் மீதான பகைமையும் தனித்தனியே நெடுங்காலம் தழைப்பது கடினம் என்றும், குழுக்கள் அடிக்கடி மோதும் சூழலில் இரண்டும் இரட்டைப் பிள்ளைகள்போலச் சேர்ந்தே வளரக்கூடும் என்றும் அவர்கள் வாதிட்டனர். குழு எல்லைக்குள் மட்டும் செல்லுபடியாகும் இந்தக் கொடைக்குணத்தை எல்லைக்குட்பட்ட ஈகை எனலாம். நாணயத்தின் ஒரு பக்கத்தைப் பாராட்டுவோர் மறுபக்கத்தையும் திருப்பிப் பார்க்க வேண்டியிருக்கிறது.

எதிரி இருந்தும் சேராதவர்கள்

எதிரி என்று ஒருவன் இருந்துவிட்டால் ஒற்றுமை தானாக வந்துவிடும் என்று கொள்வதற்கும் இடமில்லை என்பதைப் புதுச்சேரியின் மேட்டுக்குடியே மெய்ப்பித்தது. பிரெஞ்சுக் குழுமத்துக்கு ஆங்கிலேயரைவிடக் கொடிய போட்டியாளர் இக்கடற்கரையில் இல்லை. மொரீஷியஸ் தீவிலிருந்து கப்பற்படையோடு வந்த லபூர்தொனே, 1746 செப்டம்பரில் சென்னைக் கோட்டையைப் பிடித்தார்; எதிரியின் தலைமையிடமே கைக்கு வந்துவிட்டது. அந்தக் கணமே உள்பகை வெடித்தது. 11 லட்சம் வராகன் மீட்புத் தொகை பெற்றுக்கொண்டு நகரத்தை ஆங்கிலேயரிடமே திருப்பித் தர லபூர்தொனே விரும்பினார்; புதுச்சேரி ஆளுநர் துய்ப்ளேக்ஸ் அதை ஏற்க மறுத்தார்; வென்ற நகரத்தின் மீது அதிகாரம் யாருக்கு என்பதில் இருவரும் மோதிக்கொண்டிருந்தபோது, அக்டோபரில் அடித்த புயல் பிரெஞ்சுக் கப்பல்கள் பலவற்றை மூழ்கடித்தது. லபூர்தொனே கடற்கரையை விட்டுப் போனார். பிரான்சில் பஸ்தீய் சிறையில் அடைக்கப்பட்டு, 1751 இல்தான் விடுவிக்கப்பட்டார்.

வலங்கைத் தெருக்களில் நெசவாளரும் கூலியாளும் காட்டிய கட்டுப்பாட்டை இரு பெரும் தளபதிகள் ஏன் காட்டவில்லை? பந்தலின் பன்னிரண்டாவது காலைப் பிரித்து ஒருவர் வீட்டுக்கு எடுத்துப்போக முடியாது. அணியின் மரியாதை உயர்ந்தால் அதிலுள்ள எல்லாருக்கும் உயர்ந்ததாகவே எண்ணப்பட்டது. மீட்புத் தொகையும் ஆளுகையும் புகழும் அப்படிப்பட்டவை அல்ல. ஒருவருக்குப் போனால் மற்றவருக்கு இல்லை. வெளிப்போட்டியின் பரிசு உள்ளே பங்கு போடப்பட வேண்டியதாக இருந்து, அந்தப் பங்கீட்டுக்கு ஏற்கப்பட்ட விதியும் இல்லையென்றால், வெற்றியே பிளவின் தொடக்கமாகிவிடும்.

கோடு இடம் மாறுகிறது

குழுவின் எல்லை கல்லில் வெட்டப்பட்டாலும் மாற்ற முடியாததன்று. அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் 1954 இல் உளவியலாளர் முசாபர் ஷெரிஃப் நடத்திய முகாம் சோதனையில், இரு அணிகளாகப் பிரிக்கப்பட்டுக் கொடிகளை எரிக்கும் அளவுக்குப் பகைத்துக்கொண்ட 22 சிறுவர்கள், குடிநீர் நின்றுபோனது போன்ற, ஓர் அணியால் மட்டும் தீர்க்க முடியாத சிக்கல்களைச் சேர்ந்து தீர்க்க நேர்ந்தபோது படிப்படியாக நெருங்கினர். தமிழகம் இதை ஐந்து நூற்றாண்டுகள் முந்தியே கண்டிருந்தது. விசயநகர ஆட்சியின்போது, 1429 ஆம் ஆண்டைச் சேர்ந்த கொறுக்கைக் கல்வெட்டு, வலங்கை 98 சாதியினரும் இடங்கை 98 சாதியினரும் ஒன்றாகக் கூடி, அரச அலுவலரும் அவர்களுக்குத் துணைநின்ற நிலவுடைமையாளரும் சுமத்திய வரிக்கொடுமையை எதிர்த்து, தாங்கள் செலுத்தக்கூடிய வரி அளவைத் தாங்களே வரையறுத்ததைக் கூறுகிறது. வரலாற்றாய்வாளர்கள் நொபொரு கராஷிமாவும் எ. சுப்பராயலுவும் ஆராய்ந்து விளக்கிய இத்தகைய கல்வெட்டுகள், எதிரணி என்பது பிறவியில் வருவதன்று, எந்தச் சுமை எவர் தோளில் விழுகிறது என்பதைப் பொறுத்து வருவது என்பதற்குச் சான்றாக நிற்கின்றன.

புதுச்சேரியில் இதன் பிற்கால வடிவம் பஞ்சாலைகளின் வாயிலில் தோன்றியது. சவானா, ரோடியர், கப்ளே என்று மக்கள் அழைத்த ஆலைகளில் வெவ்வேறு சாதித் தெருக்களிலிருந்து வந்தவர்கள் ஒரே சங்கொலிக்கு உள்ளே போய், ஒரே சங்கொலிக்கு வெளியே வந்தனர். நீண்ட வேலை நேரமும் குறைந்த கூலியும் அவர்களுக்குப் பொதுவாயின. தொழிற்சங்கத் தலைவர் வ. சுப்பையா உள்ளிட்டோரின் முயற்சியில் தொழிலாளர் திரண்டு போராடினர். 1936 ஜூலை 30 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் 12 தொழிலாளர் உயிரிழந்தனர். அடுத்த ஆண்டே எட்டு மணி நேர வேலையும் சங்கம் அமைக்கும் உரிமையும் சட்டமாயின. ஆசியாவிலேயே எட்டு மணி நேர வேலை முதலில் இங்குதான் என்று புதுச்சேரி மக்கள் இன்றும் பெருமையோடு சொல்வதுண்டு. ஜூலை 30 ஆண்டுதோறும் தியாகிகள் நாளாக நினைவுகூரப்படுகிறது.

பந்தல் தகராறுக்கும் ஆலைப் போராட்டத்துக்கும் உள்ள வேறுபாடு இங்கே தெளிவாகிறது. இரண்டிலும் மக்கள் கூலியை இழந்து, அச்சத்தை வென்று, ஒருவருக்காக ஒருவர் நின்றனர். ஒத்துழைப்பின் அளவில் ஒன்று மற்றதற்குக் குறைந்ததன்று. பந்தல் தகராறில் ஓர் அணியின் வெற்றி மற்ற அணியின் தாழ்வாக மட்டுமே இருக்க முடியும். முன்வரிசையில் நின்றவருக்கோ அந்த வெற்றியிலும் பங்கில்லை. எட்டு மணி நேர வேலையின் பயன் வாயில் காவலரிலிருந்து தறியடியில் நின்றவர் வரை ஒவ்வொருவர் வீட்டுக்கும் மாலையில் மணிக்கணக்காகவே போய்ச் சேர்ந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் வலங்கையும் இடங்கையும் மெல்ல மறைந்தன. நீதிமன்றமும் குடிமதிப்புக் கணக்கும் மக்களைத் தனித்தனிச் சாதிகளாக எண்ணத் தொடங்கிய பிறகு, இரு கைகளுக்கும் செய்வதற்கு வேலை இல்லாமல் போயிற்று. ஒரே அணியில் நூற்றாண்டுகள் தோளோடு தோள் நின்ற சாதிகள், எதிரணி மறைந்ததும் ஒருவருக்கொருவர் அந்நியராயின. போட்டியால் மட்டுமே கட்டப்பட்ட ஒற்றுமை போட்டி முடிந்த இடத்தில் முடிந்துவிடும் என்பதற்கு இதைவிடப் பெரிய சான்று தேவையில்லை. ஒற்றுமையாக நில்லுங்கள், எதிரே ஆள் நிற்கிறான் என்று எவர் அழைத்தாலும், வென்ற பிறகு பந்தலுக்குள் உட்காரப்போகிறவர் யார், கால் நட்டுவிட்டு வெளியே நிற்கப்போகிறவர் யார் என்று கேட்பதற்கு இந்த வரலாறு கற்றுக்கொடுக்கிறது.